எத்தனை நாள் ஊரில் இருந்தீர்கள்?
வெளிநாட்டுச் சம்பாத்தியமும் வருமான வரியும்

துபாயில் வேலை செய்கிறவர் இந்தியாவில் வருமான வரி கட்ட வேண்டுமா?

இந்தக் கேள்வியை ராமநாதபுரத்தில் கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். நாகர்கோவிலில் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். "வெளிநாட்டில் சம்பாதித்தால் வரியே கிடையாது" என்பார் ஒருவர். "ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு எல்லாம் வரி உண்டு" என்பார் மற்றொருவர். "இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் தப்பவே முடியாது" என்று பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

மூன்று பேர் சொல்வதும் தவறு.

சட்டம் கேட்கும் முதல் கேள்வி வேறு. "இந்த ஆண்டில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீர்கள்?" என்று அது கேட்கிறது. அதற்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் ஒருவர் உள்நாட்டுவாசியா, வெளிநாட்டுவாசியா என்று முடிவு செய்கிறது. என்.ஆர்.ஐ. என்று எல்லோரும் சொல்கிறார்களே, அவர்தான் வெளிநாட்டுவாசி.

உள்நாட்டுவாசி என்றால் உலகத்தில் எந்த மூலையில் சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டுவாசி என்றால் இந்தியாவில் கிடைக்கும் வருமானத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். துபாய் சம்பளத்தைப் பற்றி இந்திய சர்க்கார் கேட்காது.

இவ்வளவு பெரிய வித்தியாசம் நாள் கணக்கில் அடங்கியிருக்கிறது. ஆனால் விமானம் ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? விசாவுக்கு ஏஜெண்டு இருக்கிறார். டிக்கெட்டுக்கு ஏஜெண்டு இருக்கிறார். இதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

182 என்ற எண்

ஆண்டு என்றால் ஜனவரியில் தொடங்கும் ஆண்டு அல்ல. ஏப்ரல் 1-ந் தேதி தொடங்கி மார்ச் 31-ந் தேதி முடியும் நிதி ஆண்டு. அந்த ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவர் உள்நாட்டுவாசி.

தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும் என்பது இல்லை. தங்கை கல்யாணத்துக்கு வந்த 20 நாளும் சேரும். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்த 40 நாளும் சேரும். எதற்காக வந்தீர்கள் என்று சட்டம் பார்ப்பதில்லை. வந்து இறங்கிய நாள், புறப்பட்ட நாள் இரண்டையும் சேர்த்துக்கொண்டே கணக்குப் போடுவது நல்லது. அந்த இரண்டு நாளைப் பற்றி வழக்குகள் நடந்திருக்கின்றன.

இன்னொரு விதியும் உண்டு. ஓர் ஆண்டில் 60 நாள் இருந்து, அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இருந்திருந்தாலும் உள்நாட்டுவாசிதான். ஆனால் வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியப் பிரஜைக்கு, போகிற ஆண்டில் இந்த 60 நாள் விதி கிடையாது. வெளிநாட்டில் இருந்துகொண்டு விடுமுறைக்கு ஊர் வந்து போகிறவருக்கும் கிடையாது. இவர்களுக்கு 182 மட்டுமே எல்லை. இந்தியாவில் 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர் விடுமுறைக்கு வந்தால் மட்டும் எல்லை 120 நாளாகக் குறைகிறது. இது 2020-ல் வந்த மாற்றம்.

அண்ணன் 28, தம்பி 29

இரண்டு சகோதரர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவரும் என்ஜினீயர்கள். துபாயில் ஒரே கம்பெனியில் இருவருக்கும் வேலை கிடைக்கிறது. சம்பளம் நம் பணத்தில் மாதம் 3 லட்சம் ரூபாய். இதற்கு முன் இருவருமே வெளிநாட்டில் இருந்தது இல்லை.

அண்ணன் செப்டம்பர் 28-ந் தேதி விமானம் ஏறுகிறார். தம்பிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. மறுநாள், 29-ந் தேதி போகிறார். மார்ச் முடியும் வரை இருவரும் ஊர் திரும்பவில்லை.

ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 28 வரை எண்ணினால் 181 நாள். 29 வரை எண்ணினால் 182 நாள்.

அண்ணன் அந்த ஆண்டு வெளிநாட்டுவாசி. தம்பி உள்நாட்டுவாசி!

அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதச் சம்பளம் 18 லட்சம் ரூபாய். அண்ணனுக்கு அதில் இந்திய வரி ஒரு காசு இல்லை. தம்பிக்கு 18 லட்சமும் இங்கே கணக்கில் வரும். 2025-26 நிதி ஆண்டின் புதிய முறை விகிதப்படி, சம்பளக்காரருக்குரிய 75 ஆயிரம் ரூபாய் கழிவு போக, அவர் கட்ட வேண்டிய வரி 1,50,800 ரூபாய். அதற்கு முந்திய ஆறு மாதத்தில் அவருக்கு வருமானமே இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. இருந்திருந்தால் வரி இன்னும் ஏறும்.

ஒரு நாள் தாமதத்துக்கு ஒன்றரை லட்சம்! டிக்கெட் விலையைப் போல் எத்தனை மடங்கு!

குறைந்த சம்பளக்காரர் பயப்பட வேண்டாம். மாதம் 60 ஆயிரம் ரூபாய் சம்பளத்தில் போகும் எலெக்ட்ரீஷியன் 29-ந் தேதி போயிருந்தால் அவரும் உள்நாட்டுவாசிதான். ஆனால் ஆறு மாதத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம்தான் ஆகிறது. அதற்கு வரி இல்லை.

தம்பியின் கதை நியாயமா? நியாயம் இல்லை. செப்டம்பர் 29 வரை அவர் இந்தியாவில் இருந்தார். அதுவரை வந்த வருமானத்துக்கு வரி கேட்கட்டும். அதன் பிறகு அவர் இந்தியாவில் இல்லையே! இந்திய மண்ணில் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யாமல் பெற்ற சம்பளத்தில் எப்படிப் பங்கு கேட்கலாம்?

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நடு ஆண்டில் வேலைக்காக நாட்டை விட்டுப் போகிறவருக்கு, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஆண்டை இரண்டாகப் பிரிக்கிறார்கள். போகும் வரை உள்நாட்டுவாசி. போன பிறகு வெளிநாட்டுவாசி. இந்தியச் சட்டத்தில் ஆண்டைப் பிரிக்கும் பேச்சே இல்லை. முழு ஆண்டும் அது, இல்லாவிட்டால் முழு ஆண்டும் இது. ஆண்டுதோறும் பல லட்சம் பேரை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் தேசத்துக்கு இந்தப் பிரிவினை அவசியம். இதனால் கஜானாவுக்குப் பெரிய நஷ்டம் வந்துவிடாது. விவரம் தெரிந்தவர்கள் எப்படியும் ஆகஸ்டிலேயே கிளம்பிவிடுகிறார்கள். மாட்டிக்கொள்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள்தான்.

விமானம் நின்ற ஆண்டு

நாள் கணக்கு மனிதனை எப்படிச் சிக்க வைக்கும் என்பதை 2020-ம் ஆண்டு எல்லோருக்கும் காட்டியது.

கொரோனா காரணமாக 2020 மார்ச் 22-ந் தேதி முதல் வெளிநாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டன. விடுமுறைக்கு வந்தவர்கள் திரும்ப முடியவில்லை. நாட்கள் ஓடின. கணக்கில் ஏறிக்கொண்டே போயின.

2020 மே மாதம் வரி இலாகா ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மார்ச் 22-க்கு முன்பே வந்து, 31-க்குள் திரும்ப முடியாமல் போனவர்களுக்கு, 22 முதல் 31 வரை உள்ள நாட்கள் கணக்கில் சேரா என்றது. சரி. ஏப்ரலுக்குப் பிறகு?

அதற்குப் பதில் 2021 மார்ச்சில்தான் வந்தது. 2020-21 ஆண்டுக்குப் பொதுச் சலுகை கிடையாது என்று இலாகா சொல்லிவிட்டது. இரண்டு நாட்டிலும் வரி கட்டும்படி ஆனவர்கள் மட்டும் மனுப் போடலாம் என்றது. வளைகுடாவில் இருப்பவருக்கு அங்கே வரியே இல்லை. அப்படியிருக்க, "இரண்டு நாட்டு வரி" என்று அவர் எப்படி மனுப் போடுவார்?

பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குச் சட்டத்தில் இன்னொரு தடுப்பு இருந்ததால் பெரும்பாலோர் தப்பினார்கள். அது என்ன என்பது பின்னால் வருகிறது. ஆனால் கிராமத்து வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் துபாய் கம்பெனிக்கு வேலை செய்தவர்கள் கதை வேறு. வேலை எந்த மண்ணில் நடக்கிறதோ அந்த மண்ணின் வருமானம் அது. கம்பெனி எங்கே இருந்தால் என்ன? திண்ணையில் செய்த வேலைக்கு இந்தியாவில் வரி உண்டு.

அடைபட்டுக் கிடந்தவர்களை விரும்பி வந்தவர்களாகப் பார்த்தது சட்டத்தின் குறை. சுற்றறிக்கைக்குக் காத்திருக்காமல், இயற்கை விபத்தில் மாட்டிய நாட்களைக் கழிக்கச் சட்டத்திலேயே இடம் வைத்திருக்க வேண்டும்.

வளைகுடாவில் ஒரு பீதி

அதே 2020 பிப்ரவரி 1-ந் தேதி. நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் பட்ஜெட் கொண்டுவந்தார். அதில் ஒரு புதுமை இருந்தது. எந்த நாட்டிலும் வரி கட்டக் கடமைப்படாத இந்தியப் பிரஜையை இந்திய உள்நாட்டுவாசியாகவே கருதலாம் என்பது அது.

வளைகுடாவில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. அப்படியானால் அங்கே கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர் முதல் கணக்குப்பிள்ளை வரை எல்லோரும் இங்கே வரி கட்ட வேண்டுமா? தொழிலாளர் விடுதிகளில் ஒரே பேச்சு. மறுநாளே சர்க்கார் விளக்கம் சொன்னது. உண்மையாக உழைக்கும் தொழிலாளர்களைத் தொடும் எண்ணம் இல்லை என்றது.

கடைசியில் நிறைவேறிய சட்டத்தில் 15 லட்சம் என்ற வரம்பு வைத்தார்கள். இந்தியாவில் 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் இருந்தால்தான் இந்த விதி தொடும். தொட்டாலும் அயல்நாட்டுச் சம்பளத்துக்கு வரி இல்லை. எந்த ஊரிலும் நிலையாகத் தங்காமல், எங்கேயும் வரி கட்டாமல் நழுவும் கோடீஸ்வரர்களைப் பிடிக்கப் போட்ட வலை அது. நோக்கம் சரியானதே. ஆனால் வலையை வீசிவிட்டு "சின்ன மீன்களுக்கு அல்ல" என்று மறுநாள் சொல்வதற்குப் பதிலாக, முதல் நாளே வரம்பைப் போட்டிருக்கலாம். ஓர் இரவின் தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

ஊருக்கு அனுப்பும் பணம்

மனைவிக்கும் பெற்றோருக்கும் அனுப்பும் பணத்துக்கு வரி உண்டா? இல்லை. அனுப்புகிறவருக்கும் இல்லை, வாங்குகிறவருக்கும் இல்லை. எவ்வளவு அனுப்பினாலும் இல்லை.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். சம்பளம் முதலில் வெளிநாட்டு பாங்கிக் கணக்கில் விழ வேண்டும். பிறகு அங்கிருந்து ஊருக்கு வரலாம். முதலாளியே நேராக இந்தியக் கணக்கில் சம்பளம் போட்டால், "வருமானம் இந்தியாவில் பெறப்பட்டது" என்று அதிகாரி சொல்ல இடம் உண்டு.

தூத்துக்குடிக் கப்பல் சிப்பந்திகளுக்கு இந்தத் தொல்லை வெகுகாலம் இருந்தது. மாதக்கணக்கில் கடலில் கிடக்கிறவர் எந்த நாட்டு பாங்கியில் கணக்கு வைப்பார்? வெளிநாட்டுப் பயணக் கப்பலில் வேலை செய்யும் வெளிநாட்டுவாசிச் சிப்பந்தியின் சம்பளம் என்.ஆர்.இ. கணக்கில் விழுந்த காரணத்துக்காக மட்டும் வரி போடக்கூடாது என்று 2017 ஏப்ரலில் சுற்றறிக்கை வந்த பிறகே அவர்கள் மூச்சு விட்டார்கள். அவர்களுடைய நாள் கணக்கும் தனி. வெளிநாட்டுப் பயணத்தில் கப்பலில் சேர்ந்த நாளும் இறங்கிய நாளும் அவர்களுடைய கடற்பணிப் புத்தகத்தில் பதிவாகும். அந்தப் புத்தகம்தான் சாட்சி.

என்.ஆர்.இ. கணக்கில் வரும் வட்டிக்கு வரி கிடையாது. என்.ஆர்.ஓ. கணக்கின் வட்டிக்கு வரி உண்டு. பாங்கியே 30 சதவீதமும் அதன் மேல் உபவரியும் பிடித்துவிடும். இரண்டு பெயரும் ஓர் எழுத்தில்தான் வேறுபடுகின்றன. பணம் போடும்போது படித்துப் பார்த்துப் போடுவது நல்லது.

வீடும் வாடகையும்

குடித்தனக்காரர்களும் இதைப் படிக்க வேண்டும். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்தால் வாடகையில் வரி பிடித்துச் சர்க்காருக்குக் கட்டும் பொறுப்பு குடித்தனக்காரருடையது! பலருக்கு இது தெரியாது. நோட்டீசு வந்த பிறகு தெரிகிறது.

வீடு வாங்குகிறவர்களுக்கும் அப்படியே. உள்ளூர்க்காரர் 50 லட்சத்துக்கோ அதற்கு மேலோ வீடு விற்றால், வாங்குகிறவர் 1 சதவீதம் பிடித்தால் போதும். விற்கிறவர் வெளிநாட்டுவாசி என்றால் இந்த 1 சதவீதக் கணக்கு செல்லாது. நெடுங்கால லாபத்துக்கு 12.5 சதவீதம், அதற்கு மேல் உபவரிகள். லாபம் எவ்வளவு என்று இலாகாவிடம் சர்டிபிகேட் வாங்காவிட்டால் மொத்த விலையிலுமே பிடிக்கும்படி ஆகிவிடுகிறது. பிடிக்காமல் விட்டால் வாங்கினவர் தலையில் விடியும். ஆகவே பத்திரம் எழுதும் முன் "விற்கிறவர் எங்கே வசிக்கிறார்?" என்று கேட்பது அவசியம்.

இங்கே இன்னொரு அநியாயத்தையும் சொல்ல வேண்டும். 2025-26 ஆண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவருக்கு வரி இல்லை என்று நாடெங்கும் கொண்டாடினார்கள். அந்தத் தள்ளுபடி உள்நாட்டுவாசிக்கு மட்டும்தான்! வெளிநாட்டுவாசிக்கு 4 லட்சம் வரை மட்டுமே வரி இல்லை. ஊரில் வரிக்குரிய வருமானம் 8 லட்சம் உள்ள அண்ணன் ஒன்றும் கட்ட வேண்டாம். அதே 8 லட்சம் இங்கே உள்ள தம்பி, குவைத்தில் இருப்பதால் 20,800 ரூபாய் கட்ட வேண்டும்.

வெளியே அவருக்கு வேறு சம்பளம் இருக்கிறது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று சர்க்கார் தரப்பில் சொல்லலாம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே வேலை போய், சேமிப்பின் வட்டியையும் கடை வாடகையையும் நம்பி இருக்கிறவரும் இதே தட்டில்தான் நிறுத்தப்படுகிறார்.

திரும்பி வந்த பிறகு

கொரோனாவில் பலரைக் காப்பாற்றிய தடுப்பு ஒன்று உண்டு என்று சொன்னோம் அல்லவா? அது இதுதான். உள்நாட்டுவாசி, வெளிநாட்டுவாசி இரண்டுக்கும் நடுவே ஓர் இடைநிலை இருக்கிறது. முந்திய 10 ஆண்டுகளில் 9 ஆண்டு வெளிநாட்டுவாசியாக இருந்தவர், அல்லது முந்திய 7 ஆண்டுகளில் மொத்தம் 729 நாளோ அதற்குக் குறைவாகவோ இந்தியாவில் இருந்தவர், ஊர் திரும்பியதும் இந்த இடைநிலைக்கு வருகிறார். அப்போது அவருடைய வெளிநாட்டு பாங்கி வட்டி, வெளிநாட்டு வீட்டு வாடகை முதலியவற்றுக்கு இங்கே வரி இல்லை. இது பொதுவாக இரண்டு ஆண்டு நீடிக்கும். சிலருக்கு மூன்று ஆண்டு.

சட்டத்தில் உள்ள நல்ல அம்சம் இது. இருபது வருஷம் பாலைவனத்தில் உழைத்துவிட்டு வருகிறவருக்குக் கணக்கை ஒழுங்கு செய்துகொள்ளக் காலம் வேண்டாமா?

அந்தக் காலம் முடிந்ததும் அவர் முழு உள்நாட்டுவாசி. வெளிநாட்டில் விட்டுவந்த பாங்கிக் கணக்கு, பங்கு, வீடு எல்லாவற்றையும் ஆண்டுதோறும் வரிக் கணக்கில் காட்ட வேண்டும். மறைத்தால் 2015-ம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். வீடு, நிலம் நீங்கலாக 20 லட்சம் ரூபாய் வரை உள்ள சொத்துக்கு 2024 அக்டோபரிலிருந்து இந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். சம்பளக் கணக்கை மூட மறந்துவிட்டு வந்தவர்களுக்கு இது ஆறுதல்.

மற்ற தேசங்களில்

சிங்கப்பூரில் 183 நாள். மலேசியாவில் 182 நாள். மலேசியாவில் வெளிநாட்டுவாசி என்று கணக்கிட்டால் 2020-ம் ஆண்டிலிருந்து நேராக 30 சதவீதம். புதிதாகப் போகிறவர்கள் முதல் சில மாதச் சம்பளத்தைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

அமெரிக்கா எல்லோருக்கும் மாறானது. அங்கே நாளை எண்ணுவதற்கு முன் பிரஜையா என்று பார்க்கிறார்கள். அமெரிக்கப் பிரஜை சென்னையில் குடியிருந்தாலும் அமெரிக்க சர்க்காருக்கு ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். பேரப்பிள்ளை அங்கே பிறந்ததைப் பெருமையாகச் சொல்லும் தாத்தா பாட்டிகளுக்கு இந்த விஷயம் தெரிவதில்லை. அந்தக் குழந்தை ஊரோடு வந்து வளர்ந்தாலும் பெரியவனாகிச் சம்பாதிக்கும்போது இந்தக் கடமை கூடவே வரும்.

வரியில்லாத வளைகுடா என்ற பெயரும் மாறத் தொடங்கியிருக்கிறது. ஆண்டுக்கு 42 ஆயிரம் ரியாலுக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு 5 சதவீத வரி என்று ஓமன் 2025 ஜூனில் அறிவித்தது. 2028-ல் தொடங்குவதாகத் திட்டம்.

புதிய சட்டம், பழைய எண்

இந்தியாவில் 1860-ல் வருமான வரியைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன் என்ற வெள்ளைக்காரர். வரியைப் போட்ட அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் கல்கத்தாவில் காலமாகிவிட்டார். வரி மட்டும் போகவில்லை.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்த 1961-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2025-ல் புதிய வருமான வரிச் சட்டம் நிறைவேறியது. அமல் தேதி 2026 ஏப்ரல் 1. வாசகங்களைச் சுருக்கினார்கள். குழப்பம் தந்த இரண்டு ஆண்டுப் பெயர்களை நீக்கி "வரி ஆண்டு" என்று ஒரே பெயர் வைத்தார்கள். வரவேற்க வேண்டிய காரியம்.

ஆனால் 182 அப்படியே இருக்கிறது. 60, 120, 365 எல்லாம் அப்படியே இருக்கின்றன. நடு ஆண்டில் விமானம் ஏறுகிறவருக்கு ஆண்டைப் பிரிக்கும் விதி இதிலும் இல்லை. அதைச் சேர்க்கப் பாராளுமன்றத்துக்கு ஒரு திருத்தம் போதும். அதுவரை, பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பதும், வந்த தேதி போன தேதியை ஒரு நோட்டில் குறித்து வைப்பதும், செப்டம்பர் மாதம் டிக்கெட் வாங்கும்போது நாட்காட்டியை ஒரு தடவை புரட்டிப் பார்ப்பதும் வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடிய வேலை.